கிராமக் கூடத்தில் நாட்டார் நடனமும் ஜாஸும்: மத்திய பிரான்சில் இசை மாலை நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரான்சின் நடுப்பகுதியில், பெர்ரி, பூர்போனே வட்டாரங்களில், ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் இசை மாலைகளைப் பற்றியது இந்தப் பக்கம். பாதி நேரம் நாட்டார் நடன இசை, பாதி நேரம் ஜாஸ், முன்னால் சாப்பாடு. எண்பது முதல் நூறு பேர் வரும் நிகழ்ச்சியை மனதில் வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறோம்.

இது கச்சேரியா, நடனமா?

நடனம். உட்கார்ந்து கேட்க வருபவர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் நாற்காலி சுவரோரம்தான். இதை இங்கே 'பால் ஃபோக்' என்பார்கள். பூரே, ஸ்காட்டிஷ், மாசுர்கா, வால்ஸ் ஆகியவை ஜோடியாகவோ வரிசையாகவோ ஆடுபவை. சில ஆட்டங்களுக்குக் கூடம் முழுவதும் ஒரே வட்டமாக நிற்கும். மேடையில் பெரும்பாலும் நான்கு வாத்தியங்கள் இருக்கும்: வியெல் (கைப்பிடியைச் சுற்றினால் ஒரு மரச்சக்கரம் தந்திகளைத் தேய்த்து ஒலிக்கும், நம் சுருதிப்பெட்டி போல அடிச்சுருதி ஓயாமல் ஓடும்), கொர்னமூஸ் என்னும் பைக்குழல், பொத்தான் வைத்த டயட்டோனிக் அக்கார்டியன், வயலின்.

கச்சேரி என்று நினைத்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டால் அன்று யாரும் ஆட மாட்டார்கள். முதல் பாட்டு முடிந்த பிறகு நாற்காலியை நகர்த்தச் சொன்னாலும் பயனில்லை. ஒரு முறை உட்கார்ந்தவர்களை எழுப்புவது மிகக் கடினம்.

நாட்டார் இசையும் ஜாஸும் ஏன் ஒரே மாலையில்?

பிரான்சில் இவை இரண்டும் பழைய சம்பந்திகள். 19ஆம் நூற்றாண்டில் ஒவேர்ஞ் மலைப்பகுதியிலிருந்து பிழைப்பு தேடிப் பாரிஸ் போனவர்கள் கப்ரெத் என்னும் தங்கள் பைக்குழலையும் பூரே நடனத்தையும் கூடவே கொண்டு போனார்கள். கரி, ஒயின் விற்ற அவர்களின் கடைகளில் நடனம் நடந்தது. இத்தாலியிலிருந்து வந்த அக்கார்டியன்காரர்களும் அங்கே சேர, உருவானதுதான் பால் மியூசெத் என்னும் பாரிஸ் நடன மாலை. ஜாங்கோ ரெய்னார்ட் சிறுவனாக பாஞ்சோ வாசித்துப் பழகியது அந்த மியூசெத் அக்கார்டியன்காரர்களுக்குப் பக்கவாத்தியமாகத்தான். 1918இல் அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர்களின் வாத்தியக் குழு நான்த் நகரில் வாசித்தது. அதன் பிறகு ஜாஸ் பிரான்சில் பரவியது. 1934இல் ஜாங்கோவும் வயலின் கலைஞர் ஸ்தெஃபான் கிராப்பெல்லியும் சேர்ந்த குழுவில் மூன்று கிட்டார், ஒரு வயலின், ஒரு டபுள் பாஸ், டிரம்ஸ் கிடையாது. தாளத்தை கிட்டார்களே அடித்துக் கொடுத்தன. அந்த அடிக்கு 'பொம்ப்' என்று பெயர். கிராமக் கூடத்துக்கு இந்த வகை ஜாஸ்தான் பொருத்தம், ஏனென்றால் டிரம்ஸ் இல்லாததால் வியெலையும் வயலினையும் அது மூழ்கடிப்பதில்லை.

நாட்டார் பக்கத்துக்கு 1970களில் புத்துயிர் வந்தது. ஆந்தர் மாவட்டத்தின் சேன் ஷார்த்தியேவில் 1976இல் தொடங்கிய வாத்தியம் செய்வோர், வாசிப்போர் கூடுகை இப்போது லா ஷாத்ருக்கு அருகே ஆர்ஸ் கோட்டையில் நடக்கிறது. ஜாஸ் பக்கம் பார்த்தால், தென்மேற்கில் மார்சியாக் என்ற சின்ன ஊர் 1978 முதல் பெரிய ஜாஸ் விழா நடத்திவருகிறது. இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை ஒரே தளத்தில் ஆடவைப்பதுதான் இந்த மாலையின் வேலை.

ஜாஸ் தொடங்கியதும் ஆடுபவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்களே, என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். காரணம் ரசனை வேறுபாடு அல்ல. ஆடுபவரின் கால் பாட்டின் நீளத்தை எண்ணுகிறது; ஜாஸ் வாசிப்பவர் அந்த நீளத்தை நீட்டுகிறார், குறுக்குகிறார். கால் தடுமாறுகிறது, ஆள் ஒதுங்கிவிடுகிறார்.

சர்க்கிள் சிர்க்காசியன் என்ற வட்ட ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கைகோத்து நாலடி உள்ளே, நாலடி வெளியே. இது இரண்டு முறை, ஆக 16 எண்ணம். பெண்கள் மட்டும் நாலடி உள்ளே போய்த் திரும்புவது 8. ஆண்கள் உள்ளே போய், திரும்பும்போது புதிய ஜோடியைப் பிடிப்பது 8. ஜோடியாகச் சுழல்வது 16. வட்டத்தில் உலா 16. மொத்தம் 64.

நாட்டார் மெட்டில் முதல் பகுதி 8 பார் (நம் தாள ஆவர்த்தனம் போன்ற அளவு), இரண்டு முறை. இரண்டாம் பகுதி 8 பார், இரண்டு முறை. 32 பார், பாருக்கு இரண்டு அடி, 64. கச்சிதமாகப் பொருந்தும். பழைய ஜாஸ் பாட்டுகளில் பெரும்பாலானவையும் 32 பார்தான். முதல் மெட்டு இரண்டு முறை, நடுவில் வேறு மெட்டு ஒரு முறை, மறுபடி முதல் மெட்டு. ஆக நடுமெட்டு வரும் இடத்தில் சரியாக ஜோடிச் சுழற்சி விழும். மெட்டு மாறும்போது உடலும் சுழலத் தொடங்குவது ஆடுபவர்களுக்கு அப்படிப் பிடித்துவிடும்; இரண்டாம் சுற்றில் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்காது.

ஆகவே குழுவிடம் முன்கூட்டியே நாலு விஷயம் பேசிவிடுங்கள். 32 பார் பாட்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனி வாசிப்பு எத்தனை சுற்று ஆனாலும் முழுச் சுற்றாக முடிய வேண்டும். கடைசி நாலு பாரைத் திருப்பித் திருப்பி வாசித்து முடிப்பது கச்சேரிக்கு அழகு, இங்கே எட்டு அடி அந்தரத்தில் தொங்கும். தனி வாசிப்பின்போது பொம்ப் கிட்டார் ஒரு அடியும் நிற்கக்கூடாது. வேகம்: நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி. மெட்ரோனோமில் 220 என்று வைத்து வாசிக்கும் வேகமான ஸ்விங் என்னும் ஜாஸ் நடையில் ஒன்று விட்டு ஒரு தட்டுக்குக் கால் வைத்தால் அதே 110 வரும், ஆகவே குழு பயப்பட வேண்டாம்.

மற்ற ஆட்டங்கள் இதைவிட எளிது. ஸ்காட்டிஷ் நாலு பாருக்கு ஒரு வட்டம் என்பதால் நிதானமான ஸ்விங் எதற்கும் ஆடலாம். 12 பார் புளூஸில் சரியாக மூன்று வட்டம் வரும். அதே புளூஸை சர்க்கிளுக்கு வாசித்தால் 24 அடியில் சுற்று முடிந்து, 64 எண்ணும் ஆட்டம் குழம்பும். ஸ்விங் வால்ஸுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், தாத்தா பாட்டிகள் தாமாகவே எழுந்துவிடுவார்கள். பூரேயை மட்டும் ஜாஸ்காரர்களிடம் கொடுக்காதீர்கள். பெர்ரியில் அது இரண்டு தாளம், ஒவேர்ஞில் மூன்று தாளம், அழுத்தம் விழும் இடமே வேறு. அதற்கு வியெல் வேண்டும்.

இரண்டு குழுக்களும் சேர்ந்து வாசிக்கும்போது சுருதி சேரவில்லை. ஏன்?

அக்கார்டியனின் நாக்குகள் பட்டறையில் ஒரு முறை சுருதி சேர்க்கப்பட்டவை. மேடையில் அதை மாற்ற முடியாது. சில அக்கார்டியன்கள் 440 ஹெர்ட்ஸில் இருக்கும், சில 442இல். கிட்டார்காரர் கைபேசிக் கருவியைப் பார்த்து 440க்கு வைத்துக்கொண்டு வந்தால் மாலை முழுவதும் உரசும். எனவே அக்கார்டியன் முதலில் ஒலிக்கட்டும். அடுத்து பைக்குழலும் வியெலும் அதற்குச் சேரட்டும். வயலின், கிட்டார், டபுள் பாஸ் கடைசி. பைக்குழலைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகே பாருங்கள், அதற்குமுன் சேர்த்தது நிற்காது.

மனிதர்கள் ஆடத் தொடங்கியதும் கூடம் சூடாகும். குழல் வாத்தியம் ஏறும், தந்தி வாத்தியம் இறங்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி சேர்க்க இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

வியெலுக்குக் கூடுதல் கவனிப்பு தேவை. சக்கரம் தொடும் இடத்தில் ஒவ்வொரு தந்தியையும் மெல்லிய பஞ்சால் சுற்றியிருப்பார்கள். சக்கரத்தில் குங்கிலியம் தடவியிருக்கும். குளிர்ந்த காரிலிருந்து சூடான கூடத்துக்கு வந்தவுடன் பெட்டியைத் திறந்தால் ஈரம் படியும். பஞ்சு நனைந்தால் ஒலி கரகரக்கும். தாளத்துக்கு 'கிர்ர்' என்று அதிரும் குட்டிக் குதிரை (தந்தியைத் தாங்கும் மரத்துண்டு) ஒன்று உண்டு. அதைப் பிரெஞ்சில் 'நாய்' என்றுதான் சொல்வார்கள். ஈரம் பட்டால் அதுவும் கேட்ட நேரத்தில் அதிராது. பெட்டியை மூடியபடியே இருபது முப்பது நிமிடம் கூடத்தில் வைத்துவிட்டுத் திறப்பது நல்லது.

எந்த ஆதார சுருதியில் சேர்ந்து வாசிப்பது என்பதையும் முன்பே பேசுங்கள். டயட்டோனிக் அக்கார்டியன் பெரும்பாலும் ஜி, சி வரிசைகள் கொண்டது. பெர்ரிப் பைக்குழலில் 16 அங்குலம் ஜி, 20 அங்குலம் டி. ஜாஸ்காரர்கள் விரும்பும் பி ஃபிளாட்டில் இவர்களால் வாசிக்க முடியாது. ஜி மேஜர், சி மேஜர், ஏ மைனர் என்று ஒத்துக்கொண்டால் எல்லோர் கைக்கும் வரும்.

நடனமே தெரியாதவர்கள் வரலாமா?

வர வேண்டும். அவர்களுக்காகத்தான் தொடக்கத்தில் அரை மணி நேரப் பயிற்சி வைப்பது. சர்க்கிள், ஷப்லுவாஸ், ஒரு எளிய ஸ்காட்டிஷ், இந்த மூன்று போதும். முதல் இரண்டில் ஒவ்வொரு சுற்றிலும் ஜோடி மாறுவதால், தெரிந்தவர் கை தெரியாதவர் கையைப் பிடிக்கும். பத்து நிமிடத்தில் கூடமே பழகிவிடும். சொல்லிக் கொடுப்பவர் முதலில் இசையில்லாமல் நடந்து காட்டட்டும், பிறகு எண்ணிக்கையோடு, பிறகு மெதுவான இசையோடு. விளக்கம் மூன்று நிமிடத்தைத் தாண்டினால் கவனம் போய்விடும்.

தனியாக வருபவர்கள் யாரையும் ஆட அழைக்கலாம், ஆண் பெண் என்ற கட்டுப்பாடும் இல்லை. மாட்டேன் என்பவரிடம் காரணம் கேட்கக்கூடாது. காலணியில் தோல் அடி நல்லது. ரப்பர் அடி தளத்தைப் பிடித்துக்கொண்டு, சுழலும்போது முழங்காலைத் திருகும்.

கூடம் எங்கே கிடைக்கும்? தளம் எப்படி இருக்க வேண்டும்?

ஏறக்குறைய எல்லா ஊரிலும் சால் தெ ஃபெத் என்ற பொதுக்கூடம் இருக்கும். அது ஊராட்சிக்குச் சொந்தம், 'மேரி' என்னும் ஊராட்சி அலுவலகத்தில்தான் முன்பதிவு. உள்ளூர்ச் சங்கங்களுக்குக் குறைந்த வாடகை, சில ஊர்களில் வாடகையே இல்லை. காப்பீட்டுச் சான்றும் முன்பணமும் கேட்பார்கள். சாவி வாங்கும்போது ஒரு தாளில் கூடத்தின் நிலையைக் குறித்துக் கையெழுத்திடச் சொல்வார்கள். ஏற்கெனவே உள்ள கீறல்களை அப்போதே எழுதுங்கள்.

மரத்தளம் இருந்தால் பாதி வெற்றி. சிமெண்டின்மேல் ஒட்டிய ஓட்டுத்தளத்தில் இரண்டு மணி நேரம் பூரே ஆடினால் கணுக்கால் வலிக்கும். வழுக்க வேண்டும் என்று டால்கம் பவுடர் தூவாதீர்கள், யாராவது விழுவார்கள். அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கையை மேரியிடம் கேளுங்கள். அவசர வழிக் கதவுகளுக்கு முன்னால் மேசையோ வாத்தியப் பெட்டியோ வைக்கவே கூடாது. குளிர்காலத்தில் வெப்பமூட்டியை மதியமே போட்டுவிடுங்கள்.

என்னென்ன அனுமதிகள், பதிவுகள் தேவை?

முதலில், நிகழ்ச்சி யார் பேரில்? 1901 சட்டப்படியான லாபநோக்கற்ற சங்கம்தான் வழக்கம். இரண்டு பேர் போதும், பதிவுக்குக் கட்டணமில்லை. ஊரில் ஏற்கெனவே விழாக் குழு இருந்தால் புதிதாகத் தொடங்குவதைவிட அவர்களோடு சேருவது மேல். மேசை, பாத்திரம், காப்பீடு எல்லாம் அவர்களிடம் இருக்கும்.

மதுபானம் விற்க மேயரின் தற்காலிக அனுமதி வேண்டும். ஒரு சங்கத்துக்கு ஆண்டில் ஐந்து முறை கிடைக்கும். ஒயின், பியர், சிடர் விற்கலாம். பஸ்திஸ், ரம் போன்ற வடித்த சரக்கு கூடாது. குறைந்தது 15 நாள் முன்பு எழுதிக் கொடுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக்கூடாது.

இசைக்கான உரிமைத்தொகையை சாசெம் என்னும் இசை ஆசிரியர்களின் அமைப்பு வசூலிக்கிறது. நிகழ்ச்சிக்கு முன்பே தெரிவித்தால் 20 சதவீதம் குறையும். ஆசிரியர் பெயரறியாத பழைய மெட்டுகளுக்குத் தொகை இல்லை. ஆனால் இன்று பால் ஃபோக்கில் வாசிக்கும் மாசுர்காக்களில் பல வாழும் இசைக்கலைஞர்கள் எழுதியவை. வாசித்த பாட்டுகளின் பட்டியலை ஒழுங்காக அனுப்புங்கள், அவர்களுக்குச் சேர வேண்டிய பணம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போகிறது. ஜாங்கோ 1953இல் காலமானார், 70 ஆண்டு கடந்துவிட்டது, எனவே இலவசம் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்காக 1948க்கு முந்திய இசைக்கு 8 ஆண்டு 120 நாள் கூடுதல் பாதுகாப்பு உண்டு. இடைவேளையில் ஒலிநாடாவோ கைபேசிப் பாட்டோ போட்டால், பதிவில் வாசித்த கலைஞர்களுக்கும் தயாரிப்பாளருக்குமான தொகை தனியாகச் சேரும். இடைவேளையில் பேச்சுச் சத்தமே போதும்.

காசு வாங்கி வாசிப்பவர் பிரெஞ்சுச் சட்டத்தின் கண்ணில் உங்கள் ஊழியர். கூசோ என்ற இலவச அரசுச் சேவை வழியாக, அவர் மேடை ஏறும் முன்பே வேலைப் பதிவு செய்து, பிறகு சம்பளமும் சமூகப் பங்களிப்பும் கட்டலாம். கலைஞர் கையில் போகும் தொகைக்கு மேல் பாதிக்கும் கூடுதலாகப் பங்களிப்புக்கே போகும். அதைச் சேர்த்தே வரவுசெலவு போடுங்கள். உறையில் வைத்துப் பணம் கொடுப்பது சட்டவிரோதம். அதோடு, மேடையில் அவருக்கு ஒரு விபத்து நேர்ந்தால் இருவருக்கும் பாதுகாப்பு இல்லாமல் போகும், வேலையில்லாக் காலத்து உதவிக்கான அவருடைய மணிக்கணக்கிலும் அது சேராது. சம்பளமில்லாமல் வாசிக்கும் ஆர்வலர்களுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆண்டுக்கு ஆறு நிகழ்ச்சி வரை நடத்துபவருக்குத் தனி நிகழ்ச்சி அமைப்பாளர் பதிவு தேவையில்லை.

மின்சாரம் ஏன் நடுவில் போகிறது?

காபி. சுவரில் உள்ள 16 ஆம்பியர் இணைப்பு ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,680 வாட் தாங்கும். பெரிய காபிக் கொதிகலன் 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும், சூடுபடுத்தும் தட்டு 2,000. இரண்டும் மேடையின் அதே வரிசையில் இருந்தால், ஒலிபெருக்கி போட்டவுடன் சுவிட்ச் விழும். மதியமே எந்தச் சுவரிணைப்பு எந்த சுவிட்சோடு சேர்ந்தது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். மேடைக்கு ஒரு வரிசை, சமையலறைக்கு வேறு.

ஒலிக்கு இரண்டு 12 அங்குல ஒலிபெருக்கிகளும் ஒரு சிறிய மிக்ஸரும் போதும். ஒலிபெருக்கிகளை வாத்தியக்காரர்களுக்கு முன்னால், தலை உயரத்துக்கு மேல் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வியெலின் ஒலி திரும்பி வந்து ஊளையிடும். அக்கார்டியனுக்கு வலது, இடது இரு பக்கமும் மைக் வேண்டும். பைக்குழலுக்கு மைக்கே வேண்டாம். காலிக் கூடத்தில் எதிரொலி அதிகமாகத் தெரியும். ஆட்கள் நிறைந்ததும் அடங்கும், ஆகவே சோதனையின்போது அதைச் சரிசெய்ய முனையாதீர்கள். சட்ட வரம்பு 15 நிமிடச் சராசரியாக 102 டெசிபல். இந்த இசைக்கு அதை நெருங்கவே தேவையில்லை.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வருவது ஒரு வழி, ஆனால் எட்டுப் பேர் கேக் கொண்டு வந்து உப்புப் பதார்த்தம் இல்லாமல் போகும். பெயரின் முதலெழுத்தை வைத்து உப்பு, இனிப்பு என்று பிரித்துச் சொல்லுங்கள். சங்கமே சமைப்பதானால் இந்த வட்டாரத்து உருளைக்கிழங்கு பாத்தேதான் சரி. எட்டுப் பேருக்கு ஒரு கிலோ உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம், பார்ஸ்லி, அடியில் ஒரு மாவுத் தகடு, மேலே ஒன்று, கால் லிட்டர் கிரீம். கிழங்கை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சீவி, துணியில் ஈரம் ஒற்றி அடுக்குங்கள். கனமாகச் சீவினால் மேலே சிவந்து உள்ளே வேகாமல் இருக்கும். நடுவில் ஒரு புகைபோக்கித் துளை. 180 டிகிரியில் ஒரு மணி நேரம். கிரீமை வெந்த பிறகுதான் துளை வழியாக ஊற்ற வேண்டும், முன்பே ஊற்றினால் அடித்தகடு சொதசொதவென்று ஆகிவிடும். பத்து நிமிடம் ஊறவிட்டுப் பரிமாறலாம். எண்பது பேருக்குப் பத்து பாத்தே. கூடத்து அடுப்பில் இத்தனையும் ஒரே நேரத்தில் கொள்ளாது. வீடுகளில் சுட்டு, கூடத்தில் சூடாக்கி, கிரீமை அங்கே ஊற்றுங்கள்.

மாலையின் வரிசை எப்படி?

ஆறரைக்குக் கதவு திறப்பு, ஏழுக்குப் பயிற்சி, ஏழரைக்குச் சாப்பாடு. எட்டே முக்காலுக்கு நாட்டார் குழு ஐம்பது நிமிடம், முதலில் வட்ட ஆட்டங்கள், பிறகு ஜோடி ஆட்டங்கள். ஜாஸ் நடுவில் வரட்டும். கடைசியில் வைத்தால் நாட்டார்க்காரர்கள் மேலங்கியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மூன்றாவதாக இரு குழுவும் சேர்ந்து. முடிவில் பெஃப்: யார் வேண்டுமானாலும் மேடை ஏறி வாசிக்கும் நேரம். 1920களில் பாரிஸில் இசைக்கலைஞர்கள் கூடிய 'பெஃப் சூர் ல துவா' என்ற விடுதியிலிருந்து வந்த பெயர். பெஃப்பில் ஒருவர் மட்டும் பாட்டையும் ஆதார சுருதியையும் அறிவிக்க வேண்டும், தனி வாசிப்பு ஆளுக்கு ஒரு சுற்று. புதிதாக வாசிக்க வரும் பிள்ளைகளை முதலில் ஏற்றுங்கள். நள்ளிரவு வரை காத்திருந்தால் தூங்கிவிடுவார்கள்.

நுழைவுக்கு எவ்வளவு வாங்கலாம்?

8 முதல் 12 யூரோ, பிள்ளைகளுக்கு இலவசம். தொப்பி சுற்றுவதும் வழக்கம்தான், ஆனால் கலைஞர் சம்பளத்தைத் தொப்பியை நம்பி வைக்காதீர்கள். கோப்பைக்கு ஒரு யூரோ முன்பணம் வாங்கித் திருப்பிக் கொடுங்கள். ஒருமுறை வீசும் பிளாஸ்டிக் கோப்பைகளுக்கு 2020 முதல் தடை.

முடித்த பிறகு?

பத்து மணிக்கு மேல் பக்கத்து வீட்டுப் பக்கக் கதவுகளைச் சாத்தி வையுங்கள்; அந்த வீட்டாருக்கு ஒரு வாரம் முன்பே நேரில் போய்ச் சொல்லி அழைப்பும் கொடுங்கள். பல கிலோமீட்டர் ஓட்டிப் போகிறவர்கள் இருப்பதால் வாயிலில் மூச்சுப் பரிசோதனைக் குழாய்கள் வைத்திருங்கள். வரம்பு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம், புதிய ஓட்டுநர்களுக்கு 0.2. மரத்தளத்தை அன்றிரவே பெருக்குங்கள், ஆனால் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், பலகை உப்பிக்கொள்ளும். பிழிந்த துணியால் துடைத்தால் போதும். சாவி கொடுக்கும்போது அந்த நிலைத்தாளை மறுபடி இருவருமாகப் பார்த்துக் கையெழுத்திட்டு, அடுத்த ஆண்டுத் தேதியையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்கால சனிக்கிழமைகள் சீக்கிரம் போய்விடும்.